செக்ரோலிலிருந்து மைடேக்ஸ் வரை

ஏப்ரல் 28ஆம் தேதி, இரவு ஒன்பதரை. கீழே ஒட்டுக்கடையில் கடைசி ரொட்டிச் சானாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கணினியை அணைக்கப் போன நேரம், படியில் காலடிச் சத்தம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற ஓர் அண்ணன், வேலைச் சட்டையோடு வந்து நின்றார். கக்கத்தில் ஒரு பெரிய மைலோ டின்.

“தங்கச்சி, ஒரு வருஷத்துப் பேப்பர் எல்லாம் இதுல கெடக்கு. நீயே பாத்துப் போட்டுடும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு.”

அசாம் ஜாவாவில் வரிப் படிவம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகத்தை நான் திறந்து பதினோரு வருடம் ஆகிறது. நானும் ஒரு தங்கையும், இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவரெல்லாம் கோப்பு. பருவக் காலத்தில் தூக்கம் குறையும், கண் எரியும், பிள்ளைகள் சோற்றைத் தாங்களே போட்டுச் சாப்பிடுவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாமல் இன்னும் குத்துவது அந்த அண்ணன் சொன்ன வாக்கியம்தான்: எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயே போட்டுடு. ஏன் குத்துகிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதலில் பால் மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை அறுத்தார். எங்கள் வட்டாரத்துக்குச் செம்பனை புதிதல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இங்கேதான், அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் கொண்டிருந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் தொடங்கியது. ஆரம்பித்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அவர் கதையை அவர் எழுதிக்கொண்டார். குலை அறுத்தவர்களின் கணக்கை மட்டும் வேறொருவர் எழுதினார்.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொள்வார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு எடை, எதற்கு எவ்வளவு பிடித்தம், எல்லாம் அந்தப் பேரேட்டில் இருக்கும். மாதக் கடைசியில் தாத்தா வரிசையில் நிற்பார், கட்டைவிரலை மையில் அழுத்துவார், கொடுத்ததை வாங்கிக்கொண்டு லயத்துக்கு வருவார். “என்ன தாத்தா, சரியா இருந்துச்சா?” என்று கேட்டால், “கிராணியாருக்குத் தெரியும்” என்பார். நல்ல கிராணியாராக இருந்தால் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் இல்லை. இரண்டில் எது என்று தாத்தாவுக்குத் தெரிய வழியே கிடையாது.

இந்த நாட்டில் வருமான வரி வந்தது 1948இல். இப்போதுள்ள சட்டம் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். லயத்து வீடுகளுக்கு அது எட்டாத உலகம். வரி கட்டும் அளவுக்கு யாருக்குச் சம்பளம் இருந்தது? அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்குப் பூஞ்சாக் ஆலாமிலும் மேருவிலும் காப்பாரிலும் தொழிற்சாலைச் சூப்பர்வைசர்கள், தாதியர், ஆசிரியர், லோரி ஓட்டுநர், சின்னக் குத்தகைக்காரர். குடும்பத்தில் முதல் முறையாக வரிக்கோப்பு திறந்தவர்கள் என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல். அவர்கள் கடிதத்தோடு வரும்போது முகம் வெளிறியிருக்கும். “எல்எச்டிஎன்லேருந்து வந்திருக்கு. ஜெயிலா?” பிரித்துப் பார்த்தால், முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு விஷயத்தை நம் ஆட்கள் பலர் கவனிக்கவே இல்லை. முன்பெல்லாம் நாம் விவரம் கொடுப்போம், வரி இவ்வளவு என்று எல்எச்டிஎன், அதாவது உள்நாட்டு வருமான வரி வாரியம், கணக்குப் போட்டு அனுப்பும். தனிநபர்களுக்கு 2004ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது மாறிவிட்டது. இப்போது உங்கள் வரியை நீங்களேதான் கணக்கிட வேண்டும். நீங்கள் அனுப்பும் படிவமே தீர்ப்பு. தவறு இருந்தால் பொறுப்பு உங்களுடையது. செக்ரோலை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று அது. அதை வாங்கியதும் அப்படியே என் மேசையில் வைத்துவிட்டு, “கிராணியாருக்குத் தெரியும்” என்று திரும்பிப் போனால் எனக்கு வலிக்காதா?

சரி, அந்த மைலோ டின்னுக்கு வருகிறேன். மேசையில் கொட்டினோம். மின்சாரக் கட்டண பில்கள், மருந்துக்கடைச் சீட்டுகள், கோயில் கட்டட நிதி ரசீதுகள், லோரி பழுதுபார்த்த பில், கசங்கிய ஈஏ படிவம். முதலாளி பிப்ரவரி இறுதிக்குள் தொழிலாளியிடம் கொடுத்தாக வேண்டிய ஆண்டுச் சம்பள விவரத் தாள் அந்த ஈஏ. இவருக்கு ஏப்ரல் நடுவில்தான் கிடைத்திருக்கிறது. சின்ன முதலாளிகள் பலருக்கு இந்தக் கெடு தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர் பொருட்படுத்துவதில்லை. தாமதம் அவர்களுடையது, ராத்திரி படியேறி ஓடி வருவது தொழிலாளி.

கோயில் ரசீதுகளை அண்ணன் பெருமையோடு எடுத்து வைத்தார், மொத்தம் 600 வெள்ளி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பின் ரசீதாக இருந்தால்தான் வருமானத்தில் கழிக்க முடியும். அந்தக் குறிப்பு எதிலும் இல்லை. “சாமிக்குக் கொடுத்தது சாமிக்குத்தான்ணே” என்றேன். தலையாட்டினார். ஆனால் முகம் வாடிவிட்டது. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பக்தர்கள் கொடுக்கும் காசுக்கு அது ஒரு மரியாதை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 53,350 வெள்ளி. தனிநபர் விலக்கு 9,000. வேலைக்குப் போகாத மனைவிக்கு 4,000. சேமநிதிக்கு அதிகபட்சம் 4,000. சொக்சோவுக்கு 350. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் 36,000. அதற்கு வரி: முதல் 35,000க்கு 600, மேலே உள்ள 1,000க்கு 6 விழுக்காடு, அதாவது 60. மொத்தம் 660 வெள்ளி.

வரிக்குட்பட்ட வருமானம் 35,000ஐத் தாண்டாவிட்டால் சட்டம் 400 வெள்ளி தள்ளுபடி தருகிறது. மனைவிக்கான விலக்கு எடுத்தவருக்கு இன்னொரு 400. ஆக 800. இந்த அண்ணனின் வருமானம் 1,000 வெள்ளி குறைந்தால் வரி 600, தள்ளுபடி 800, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஓராயிரம் வெள்ளி ரசீதுக்கு 660 வெள்ளி வித்தியாசம். வரி சின்னதாக இருக்கும் குடும்பங்களுக்குத்தான் ஒரே ஒரு ரசீது இவ்வளவு பெரிய காரியம் செய்யும்.

“போன வருஷம் கைப்பேசி, புத்தகம், கணினி ஏதாச்சும் வாங்கினீங்களாண்ணே? வீட்டுக்கு இண்டர்நெட் கட்டுறீங்களா?”

“பொண்டாட்டிக்கு ஒரு போன் வாங்கினேன். ஆயிரத்து அம்பது வெள்ளி. ரசீது இதுலதான் இருக்கணும்.”

இருந்தது. ஆனால் வெள்ளைத் தாளாக இருந்தது. கடைகளில் சூட்டில் அச்சடித்துக் கொடுக்கும் வழவழப்பான சீட்டு, நம் ஊர் வெயிலில் ஆறு மாதத்தில் எழுத்தை விழுங்கிவிடும். சட்டமோ ஆதாரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. எழுத்தில்லாத தாளை வைத்து, கைப்பேசி, புத்தகம், கணினி, இண்டர்நெட் எல்லாம் சேரும் வாழ்க்கைமுறை விலக்கில் ஒரு வெள்ளிகூட நான் எழுத மாட்டேன். தணிக்கைக்குக் கூப்பிட்டால் அந்த மேசைக்கு முன்னால் உட்காரப் போவது அவர். “நாளைக்குக் கடைக்குப் போய் மறு அச்சு கேளுங்கண்ணே. ஏப்ரல் 30 கெடு, இணையத்தில் அனுப்பினா மே 15 வரைக்கும் விடுவாங்க. ஆனா அதை நம்பி உட்கார வேணாம்” என்று அனுப்பி வைத்தேன்.

என்னுடைய வேலையில் பாதி இப்படித்தான், இல்லாத காகிதத்தைத் தேடுவது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள், விரல் நிழல் தொகையை மறைத்திருக்கும். தாயின் டயாலிசிஸ் செலவை மகன் கட்டியிருப்பான். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை விலக்கு உண்டு என்று அவனுக்குத் தெரியாது, ரசீதைத் தூக்கிப் போட்டிருப்பான். நம் வட்டாரத்தில் சிறுநீரக நோய் இல்லாத தெரு எது? அந்தச் செலவைச் செய்யும் பிள்ளைகளாவது ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு குழப்பம். பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளை உள்நாட்டில் டிப்ளோமாவோ பட்டமோ முழுநேரம் படித்தால் 8,000 வெள்ளி விலக்கு. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் என்றால் 2,000தான். ஒரு வருடம் நானே தவறினேன். “யூனிவர்சிட்டி மெட்ரிக்” என்று தந்தை சொன்னதைக் காதில் வாங்கி 8,000 எழுதிவிட்டேன், சேர்க்கைக் கடிதத்தைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோப்பை மறுபடி பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, திருத்தப் படிவம் அனுப்பினோம். கூடுதல் வரியை அவர் கட்டினார், அதன் மேல் விழுந்த தண்டத்தை நான் கட்டினேன். அன்றிலிருந்து கடிதம் பார்க்காமல் ஓர் எண்ணும் எழுதுவதில்லை. சிலருக்கு இது தொல்லையாக இருக்கிறது, “எங்களை நம்ப மாட்டீங்களா?” என்று கோபப்படுகிறார்கள். நம்பிக்கைக்கும் ரசீதுக்கும் சண்டை இல்லை, ஐயா. நான் கேட்பது உங்களைக் காப்பாற்றும் தாள்.

இன்னொரு வகை ஆட்கள் கதவைத் திறக்கும்போதே தொகையோடு வருவார்கள். “என் கூட்டாளிக்கு ரெண்டாயிரம் திரும்பி வந்துச்சு. எனக்கும் அப்படிப் போட்டுக் குடுங்க.” கட்டாத வரி எப்படித் திரும்பி வரும்? கூட்டாளிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்திருப்பார்கள், அது வந்திருக்கும். அல்லது யாரோ பொய்யாக விலக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். பொய் எழுதியது கண்டுபிடிக்கப்பட்டால், தவறிய வரியைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்ப் படிவம் தயாரிக்க உதவியவருக்கும் 1,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வாடிக்கையாளர் பத்துப் பேர் குறைந்தாலும் பரவாயில்லை என்று நான் மறுத்துவிடுவேன். அப்படி நான் திருப்பி அனுப்பிய சிலர் இரண்டு மூன்று வருடம் கழித்துத் தணிக்கைக் கடிதத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களைத் திட்ட மனம் வராது. காபி கொடுத்து உட்கார வைத்து, முதல் தாளிலிருந்து ஆரம்பிப்பேன்.

கட்டணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். “ரெண்டு பட்டனைத் தட்டுறதுக்கு எம்பது வெள்ளியா?” என்பார்கள். காசுக்குப் பிறர் சார்பில் வரி விவகாரம் பார்ப்பவர், சட்டத்தின் 153ஆம் பிரிவின்படி நிதியமைச்சின் உரிமம் பெற்ற வரி முகவராக இருக்க வேண்டும். நான் கிள்ளானில் ஒன்பது வருடம் வேலை பழகி, தேர்வுகள் எழுதி, அதன் பிறகுதான் அந்த உரிமத்தை வாங்கினேன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் பட்ஜெட் வந்தால் பட்டியல் மாறும், மறுபடி படிக்க வேண்டும். பசார் மாலாமில் மடிக்கணினி வைத்துக்கொண்டு இருபது வெள்ளிக்கு அனுப்பிக் கொடுப்பவரிடம் உங்கள் ஐசி படத்தையும் வாரியத்தின் மைடேக்ஸ் இணையத்தளத்துக்கான கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, அந்தக் கதவுக்குப் பின்னால் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறது என்பதை யோசித்தீர்களா? உரிமம் பெற்ற முகவருக்கென்று வாரியம் தனி வழி வைத்திருக்கிறது. உங்கள் மைடேக்ஸ் கடவுச்சொல் எனக்குத் தேவையே இல்லை. அதைக் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளக்காரர்கள் போன பிறகு மே மாதத்தில் தொழில் செய்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கு பி படிவம், ஜூன் 30 கெடு. ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், மாலை கட்டுபவர், கேட்டரிங் செய்யும் அக்கா, கார் ஓட்டுபவர், இணையத்தில் சேலை விற்கும் தங்கை. இவர்களிடம் உழைப்பு இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்காது. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியபோது, குலை விலையும் டன்னுக்கு ஆயிரத்துக்கு மேல் போனது. சிறு தோட்டக்காரர்கள் வீட்டுக்கூரையை மாற்றினார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் செய்தார்கள். வரி அடுத்த வருடம் வந்து நின்றபோது கையில் காசு இல்லை. உரம் வாங்கிய பில், குலை அறுத்தவருக்குக் கொடுத்த கூலிச் சீட்டு எதுவும் இல்லாததால் செலவையும் கழிக்க முடியவில்லை. அடுத்து சிபி500 வந்தது. போன வருட வருமானத்தை வைத்து, இந்த வருட வரியை இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாகக் கட்டச் சொல்லும் கடிதம் அது. விலை இறங்கியிருக்கிறது, மதிப்பைக் குறையுங்கள் என்று விண்ணப்பிக்க வழி உண்டு. பயத்தில் கடிதத்தை அலமாரியில் பூட்டி வைத்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

கடனுக்காக எஸ்எஸ்எம்மில் தொழில் பதிந்துவிட்டு, தொழிலே நடக்கவில்லை என்று படிவம் அனுப்பாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். வருமானம் இல்லையென்றால் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். படிவம் அனுப்பாமல் இருப்பதற்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் போகலாம்.

இப்போது மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வேறு. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, 2026 ஜனவரியில் ஆண்டு விற்பனை ஐந்து மில்லியன் வெள்ளி வரை உள்ளவர்களிடம் வந்துவிட்டது. ஒரு மில்லியனுக்குக் கீழே விலக்கு. எங்கள் ஊர்க் கடைகள் பெரும்பாலும் அந்த விலக்கில்தான் இருக்கின்றன. ஆனாலும் பெரிய நிறுவனத்துக்குச் சரக்கோ சேவையோ கொடுத்தால் “உங்கள் வரி எண் என்ன?” என்று அவர்கள் கேட்கிறார்கள். மோசடிக்காரர்களும் அதையே கேட்கிறார்கள் என்பதுதான் என் கவலை. வாரியத்தின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் மிரட்டி, தனிநபர் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் அது திருட்டு. உடனே போனை வையுங்கள்.

அந்த அண்ணன் 30ஆம் தேதி மதியம் திரும்பி வந்தார். கோல சிலாங்கூரில் வாங்கிய கடைக்கே போய்ப் பழைய பில்லை மறு அச்சு எடுத்து, முத்திரையும் குத்தி வாங்கியிருந்தார். படிவத்தை அச்செடுத்தேன். முகவர் மூலம் அனுப்பும் முன்பு அதில் வரி கட்டுபவரின் கையெழுத்து வேண்டும். அவர் பேனாவை எடுத்து, “எங்கம்மா?” என்றார்.

“இருங்கண்ணே. முதல்ல படிப்போம்.”

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். என் அலுவலகத்தில் இது கட்டாயம், பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி. மலாயில் இருப்பதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இது உங்கள் வருமானம். இது அண்ணிக்காகக் கழிப்பது. இது சேமநிதி. இது அந்தக் கைப்பேசி. இது வரி, இது தள்ளுபடி. கடைசிக் கட்டத்தில் சுழியம். மாதாமாதம் பிடித்தது உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். சேமநிதி வரியில் அவர் நிறுத்தினார். “நான் கட்டினது ஐயாயிரத்துச் சொச்சம். ஏன் நாலாயிரம் போட்டிருக்க?” கழிக்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான் என்றேன். தலையாட்டினார். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்விகளில் அது ஒன்று. இரண்டு நாளைக்கு முன்பு ஒன்றும் தெரியாது என்று சொன்ன மனிதர் கேட்ட கேள்வி.

பிறகு கையெழுத்துப் போட்டார். தமிழில், தெளிவாக.

எங்கள் ஊரில் மட்டும் இல்லை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் என்று எங்கே இருந்தாலும் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ரசீது வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் ஈஏ வராவிட்டால் முதலாளியிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடிதம் வந்தால் அன்றே பிரியுங்கள். படிவத்தை யார் செய்து கொடுத்தாலும், கையெழுத்துக்கு முன்னால் “என் வருமானம் எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க, எதையெல்லாம் கழிச்சிருக்கீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.